போயா நாள் சாரதி: ஒரு கட்சிக்குப் "பொருளாதாரம் தெரியும்" என்ற பெயர் எப்படி வருகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் ஒரு மாமி இருக்கிறார். 1970களின் பாண் வரிசையிலும் நின்றவர், 2022இன் காஸ் வரிசையிலும் நின்றவர். தேர்தல் பேச்சு வந்தால் அவருடைய தீர்ப்பு ஒரே வரி: "பச்சை வந்தால் சாமான் வரும், நீலம் வந்தால் கியூ வரும்." பச்சை ஐக்கிய தேசியக் கட்சி, நீலம் சுதந்திரக் கட்சி. கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணை அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "எந்த நிறம் வந்தால் என்ன மாமி, மொத்த வியாபாரி விலையைக் குறைக்கிறானே?" என்பார்.

இரண்டு பேரும் பேசுவது ஒரே விடயத்தைத்தான். நாட்டின் பொருளாதாரத்தை நடத்த எந்தக் கட்சிக்குத் தெரியும் என்று வாக்காளர் மனத்தில் பதிந்திருக்கும் எண்ணம் அது. தொலைக்காட்சி விவாதத்திலும் பஸ்ஸிலும் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. அந்த எண்ணம் எப்படி உருவாகிறது, ஏன் சில நேரம் ஐம்பது வருடம் நிலைக்கிறது, ஏன் சில நேரம் ஒரே வருடத்தில் நொறுங்குகிறது என்பதைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

நொறுங்குவது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு நம் இலங்கையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் பொதுஜன பெரமுனவின் வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீத வாக்குப் பெற்றார். 2024இல் அதே கட்சியின் வேட்பாளருக்கு 2.57 சதவீதம். தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க 2019இல் பெற்றது 3.16 சதவீதம், 2024இல் முதல் எண்ணிக்கையிலேயே 42.31 சதவீதம். "பொருளாதாரம் விழுந்தது, சனம் தண்டித்தது" என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். அது பாதிதான். விழுந்த பொருளாதாரம் ஓரளவு நிமிர்ந்தபோது பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்க, காஸ் சிலிண்டர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 17.27 சதவீதத்தோடு மூன்றாவதாக வந்தார். விழுத்தியவருக்குத் தண்டனை என்றால், நிமிர்த்தியவருக்குப் பரிசு எங்கே? அதற்குப் பதில் தேடினால் முழு விடயமும் விளங்கும்.

எல்லாரும் விரும்பும் ஒன்றில் போட்டி எப்படி?

தேர்தலில் பேசப்படும் விடயங்கள் இரண்டு வகை. ஒன்றில் மக்கள் இரண்டு பக்கமாக நிற்பார்கள். அதிகாரப் பகிர்வு வேண்டுமா வேண்டாமா என்பது அப்படி. மற்றதில் எல்லாரும் ஒரே பக்கம். சாமான் விலை ஏறட்டும், வேலை இல்லாமல் போகட்டும் என்று கேட்கும் வாக்காளர் எங்கும் இல்லை. இந்த இரண்டாவது வகையை அரசியல் ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நாம் இதைப் பொது விருப்பு விடயம் என்று அழைப்போம்: முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போய், அதை யாரால் செய்ய முடியும் என்பதில் மட்டும் பிரிந்து நிற்கும் விடயம்.

அப்படியென்றால் போட்டி கொள்கைக்கு அல்ல, பெயருக்கு. இடியப்பத்துக்கு ஒரு கடை, கொத்துரொட்டிக்கு ஒரு கடை என்று நாம் மனத்தில் வைத்திருக்கிறோம் அல்லவா? ஒவ்வொரு நாளும் எல்லாக் கடையிலும் சாப்பிட்டுப் பார்த்தா முடிவெடுக்கிறோம்? எப்போதோ சாப்பிட்ட நினைவும், அயலவர் சொன்னதும் போதும். அதே கடையில் ஒரு நாள் சாப்பிட்டு வீடே வயிற்றுப்போக்கில் கிடந்தால், அதற்குப் பிறகு அங்கே எவ்வளவு சுத்தமாகச் சமைத்தாலும் வருடக்கணக்கில் கால் வைக்க மாட்டோம். கட்சியின் பொருளாதாரப் பெயரும் இதே மாதிரி மெல்லச் சேர்ந்து சட்டென்று போகும்.

பிரித்தானியாவில் 1992 செப்டெம்பர் 16 அன்று பவுண்டின் பெறுமதியைக் காக்க முடியாமல் அரசாங்கம் ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. பொருளாதாரம் தெரிந்த கட்சி என்று கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அதுவரை இருந்த பெயர் அன்றோடு போனது. அடுத்த வருடங்களில் பொருளாதாரம் வளர்ந்தும் அந்தப் பெயர் திரும்பவில்லை; 1997இல் படுதோல்வி. 2022க்குப் பிறகு நாம் இங்கே கண்டதும் அதே பாதைதான்.

மாமியின் தீர்ப்பு எங்கிருந்து வந்தது?

மாமி சொல்வதைக் குருட்டு விசுவாசம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் வாழ்ந்த அனுபவம் இருக்கிறது.

இந்த நாட்டில் கட்சிகளின் பொருளாதாரப் பெயர் நீண்ட காலம் அரிசியில்தான் எழுதப்பட்டது. 1953இல் ஐக்கிய தேசியக் கட்சி அரசு பங்கீட்டுக் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு நின்றுபோனது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அவரே மறுபடி பிரதமராக இருந்தபோது, 1966இல், கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தானது. குறைத்த கொத்தைச் சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்ற பேச்சோடு 1970இல் சுதந்திரக் கட்சியின் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி வென்றது.

அப்புறம் வந்தவைதான் மாமி நின்ற வரிசைகள். 1973–74இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. தானியமும் விலையேறியது. அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகவே கட்டுப்பாடு. வாரத்தில் சில நாள் உணவகங்களில் சோறு விற்கக்கூடாது. கொழும்பில் பாணுக்கு விடியற்காலையில் வரிசை. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தது, சுதந்திரக் கட்சி 8 ஆசனத்தில் நின்றது. அந்த வருடக் கடைசியில் திறந்த பொருளாதாரம் வந்தது, கடைகள் நிரம்பின. "பச்சை என்றால் சாமான், நீலம் என்றால் கியூ" என்பது அந்தச் சில மாதங்களில் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்தது.

ஆனால் மாமியின் சொந்தச் சித்தப்பா வலிகாமத்தில் வெங்காயமும் மிளகாயும் போட்டவர். அவர் வீட்டில் அதே 1970–77 வேறு மாதிரி நினைவுகூரப்பட்டது. இறக்குமதி நின்றதால் யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் கண்டிராத விலை. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். 1977க்குப் பிறகு வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்க, அந்தக் காலம் முடிந்தது. அதே சிறிமாவோ ஆட்சியில்தான் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட பல்கலைக்கழகத் தரப்படுத்தலும், பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்த 1972 அரசியலமைப்பும் வந்தன. தோட்டத்தில் காசு பார்த்தவர்கூட அந்த ஆட்சிக்கு வாக்களிக்க மனம் வராமல் நின்றதற்கு அவையே காரணம். ஒரே ஆட்சி, ஒரே பொருளாதாரக் கொள்கை, ஒரே குடும்பம். கொழும்பில் நின்றவருக்குப் பசி, வலிகாமத்தில் நின்றவருக்குச் செழிப்பு. "சனம் இப்படித்தான் நினைக்கிறது" என்று யாராவது மொத்தமாகச் சொன்னால், எந்த ஊரில் நின்ற சனம் என்று நான் கேட்பது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: பொருளாதாரத்தை வைத்து வாக்களிக்கும்போது நாம் பெரும்பாலும் ஒரு கட்சியின் பெயரை வைத்தே வாக்களிக்கிறோம். அந்தப் பெயர் வாழ்ந்த அனுபவத்திலிருந்து வருகிறது. அனுபவம் இடத்துக்கு இடம் வேறு.

போயா நாள் சாரதி

இனி எண்ணம் எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் பாணந்துறைப் பக்கமிருந்து புறக்கோட்டைக்குப் போகிறீர்கள். வேலை நாளில் ஒன்றரை மணித்தியாலம். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பாதி நேரத்தில் போய்ச் சேர்கிறீர்கள். "இந்தச் சாரதி கெட்டிக்காரன்" என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள், ஏனென்றால் வீதி வெறுமையாக இருந்ததை ஜன்னலால் பார்த்தீர்கள். ஜன்னல் மூடியிருந்தால்? அப்போது உங்களுக்குத் தெரிவது கடிகாரம் மட்டும். பாராட்டு முழுவதும் சாரதிக்குப் போகும்.

வாக்காளர் இருப்பது ஜன்னல் மூடிய பஸ்ஸில். 2014 நடுப்பகுதியில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 டொலருக்கு மேல் விற்றது. 2015 ஜனவரியில் 50 டொலருக்கும் கீழே. அதே ஜனவரியில் இங்கே ஆட்சி மாறியது, ஒரு லீற்றர் பெற்றோல் 150 ரூபாயிலிருந்து 117க்கு வந்தது. விலையைக் குறைப்பது என்று முடிவெடுத்தது புதிய அரசாங்கம்தான். குறைக்க இடம் கொடுத்தது உலகச் சந்தை. ஓட்டோக்காரர் கண்டதோ "ஆட்சி மாறியது, பெற்றோல் குறைந்தது" என்பதை மட்டும்.

வீதி நெரிசலாக இருந்தால் இதுவே மறுபக்கமாக நடக்கும். 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதல், பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அந்த டொலர் இழப்பு எந்த அரசாங்கத்தையும் உலுக்கியிருக்கும்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, "பார், அவர்கள் மேல் பிழையில்லை, எல்லாம் கொரோனா" என்று முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. நெரிசல் வேறு, நெரிசலில் சாரதி என்ன செய்தார் என்பது வேறு. 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்குக் குறைத்தது கொரோனாவுக்கு முன்பு எடுத்த முடிவு. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்தது உள்ளூர் முடிவு. கையிருப்பு கரையும்போது டொலரை 200 ரூபாயளவில் பிடித்து வைத்ததும், 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனைக் கையிலிருந்த டொலரால் தீர்த்ததும் முடிவுகள்தான். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், நெருக்கடிக்கு வழிவகுத்த முடிவுகளால் முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச உட்பட்ட சிலர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று சொன்னது. அதிர்ஷ்டத்தையும் முடிவையும் பிரித்துப் பார்க்கலாம், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடகு வைத்தவர் நல்லவர், மீட்பவர் கஞ்சன்

ஒரு வீட்டில் மூத்தவர் செட்டியார் தெருவில் நகையை அடகு வைத்துப் பிள்ளையின் சாமத்தியச் சடங்கைச் சிறப்பாகச் செய்கிறார். ஊரே வாழ்த்துகிறது. அடுத்த வருடம் வீட்டுப் பொறுப்பு இளையவர் கைக்கு வருகிறது. அவர் நகையை மீட்க வேண்டும். இறைச்சி குறைகிறது, பயணம் நிற்கிறது. பிள்ளைகளிடம் கேட்டால், "பெரியப்பா காலத்தில் நல்லா இருந்தோம், அப்பாதான் கஞ்சன்" என்பார்கள்.

பொருளாதாரத்தில் முடிவுக்கும் விளைவுக்கும் இடையில் இந்த மாதிரி ஓர் இடைவெளி எப்போதும் உண்டு. 2019 வரிக்குறைப்பால் சம்பளக்காரர் கைக்கு அடுத்த மாதமே கூடுதல் காசு வந்தது. நாட்டு வருமானத்தில் வரியாகத் திரட்டியது 11, 12 சதவீத அளவிலிருந்து 2022இல் 8க்கும் கீழே இறங்கியதை யார் உணர்ந்தார்? சம்பளத்தில் கூடிய காசு கைக்குத் தெரிந்தது, குறைந்த வரி வருமானம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் கணக்கு வந்து சேர்ந்தபோதுதான், 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது.

மீட்கும் வேலை அடுத்தவருக்கு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறத்தாழ 300 கோடி டொலர் உடன்பாடு, வருமான வரி திரும்பி வந்தது, கரண்ட் பில் இரண்டு தடவை பெரிதாக ஏறியது, 2024 ஜனவரியில் வற் 18 சதவீதம். வாக்காளர் கண்முன் நின்றவர் கஞ்சன் இளையவர்தான்.

ஆட்சியில் இருப்பவரை அவர் காலத்தில் நடந்ததை வைத்து எடைபோட்டு வாக்களிப்பதைப் பின்னோக்கு வாக்களிப்பு என்பார்கள். அது நியாயமான வழிதான். வாக்குறுதியை நம்புவதைவிட நடந்ததைப் பார்ப்பது நல்லது. அதன் குறை, கடைசி ஒன்றிரண்டு வருடத்தை மட்டும் நினைவு அதிகமாகப் பிடித்துக்கொள்வது. கடன் ஒரே ஆட்சியில் ஏறியதும் அல்ல. 2007இல் முதல் தடவை சர்வதேசச் சந்தையில் பிணைமுறி விற்றதிலிருந்து இரண்டு தரப்பும் அந்தக் கடையில் கடன் வாங்கியிருக்கின்றன. மத்திய வங்கியின் பிணைமுறி ஏலத்தில் முறைகேடு என்ற 2015 விவகாரமோ, "பொருளாதாரம் தெரிந்தவர்கள்" என்று பச்சைக்கு இருந்த பெயரிலேயே ஓட்டை போட்டது. 2015இல் 106 ஆசனம் எடுத்த கூட்டணிக்குத் தலைமை தாங்கிய கட்சிக்கு 2020இல் மிஞ்சியது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். கட்சி உடைந்ததும் அதற்குப் பெரிய காரணம்.

பணவீக்கம் இறங்கியது, விலை இறங்கவில்லை

பலரும் தடுமாறும் இடம் இது, ஆகவே மெதுவாகப் பார்ப்போம்.

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். விலையே அல்ல. எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் பழுதாகிப் படியால் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் ஏழு மாடி ஓட்டமாக ஏறினீர்கள், எட்டாவதுக்கு மூச்சு வாங்கி மெதுவாக. வேகம் குறைந்தது உண்மை. நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்களா? இல்லை, எட்டாம் மாடியில் நிற்கிறீர்கள்.

நாட்டில் அதிகம் சொல்லப்படும் பணவீக்க எண் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணிலிருந்து வருவது. கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் விலையைக் கூடையாகச் சேர்த்துப் பார்ப்பது அது. 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதம். அதாவது, ஒரு வருடம் முன்பு 100 ரூபாய்க்கு வந்த சாமான் அப்போது சராசரியாக 170 ரூபாய். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். மத்திய வங்கியின் பார்வையில் அது பெரிய சாதனை, அதை நானும் மதிக்கிறேன். மாமியின் சாமான் பையில் என்ன நடந்தது? 170 ரூபாய்ச் சாமான் 172 ரூபாய் ஆனது. 100க்குத் திரும்பவில்லை.

அதிகாரி "பணவீக்கம் குறைந்துவிட்டது" என்கிறார், மாமி "பொய்" என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைக்காத பரிசின் ஒரு பகுதி இந்த இடைவெளிக்குள் விழுந்துபோனது என்பது என் கணிப்பு. மீதியை, பழைய ஆட்சியின் ஆட்களோடு சேர்ந்து நின்றதும், களவுக்குத் தண்டனை கேட்ட சனத்துக்குப் பதில் கிடைக்காததும் எடுத்துக்கொண்டன.

சம்பளத்துக்கும் இதே கணக்கு. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் கேட்ட 1000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வந்தது. கொழும்புச் சுட்டெண்ணை வைத்துப் பார்த்தால், 2022 கடைசியில் அந்த 1000 ரூபாயால் வாங்க முடிந்தது முந்தைய 600 ரூபாய்க்கும் குறைந்த சாமானைத்தான். போராடிப் பெற்ற உயர்வு அடுப்புக்குப் போய்ச் சேரும் முன்பே கரைந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

என் பையா, நாட்டின் பையா?

மக்கள் தங்கள் பையை மட்டும் பார்த்து வாக்களிப்பதாக நினைக்கிறோம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன: நாடு எப்படிப் போகிறது என்ற எண்ணம், சொந்தக் கணக்கைவிட வாக்கை அதிகம் அசைக்கிறது.

வெள்ளவத்தையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மகள் வெளிநாட்டிலிருந்து மாதம் 200 அமெரிக்க டொலர் அனுப்பும் வீட்டுக்கு, டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 40,000 வந்தது. 360ஐத் தொட்டபோது 72,000. ஏறிய விலையை அந்த வீடு ஓரளவு தாக்குப்பிடித்தது. பக்கத்து வீட்டு எழுதுவினைஞரின் சம்பளம் அசையவில்லை. பையை மட்டும் பார்த்தால் இரண்டு வீடும் இரண்டு விதமாக வாக்களித்திருக்க வேண்டும். ஆனால் டொலர் வந்த வீட்டுக்கும் காஸ் கிடைக்கவில்லை, பெற்றோல் கிடைக்கவில்லை, கரண்ட் இல்லை. வரிசையில் நின்றபோது நாட்டின் நிலை ஒவ்வொருவர் காலடியிலும் தெரிந்தது. பணக்காரரையும் ஏழையையும் ஒரே தீர்ப்புக்குக் கொண்டுவந்தது அந்த வரிசை.

கட்சிக் கண்ணாடி பற்றியும் ஒரு சொல். தான் ஆதரிக்கும் கட்சி ஆட்சிக்கு வந்த மறுநாளே பொருளாதாரம் நன்றாகிவிட்டதாகத் தோன்றுவதும், போனதும் கெட்டுவிட்டதாகத் தோன்றுவதும் உலகம் முழுவதும் உள்ள பழக்கம். விலை மாறாது, பார்வை மாறும். அடுத்த தேர்தலுக்குப் பிறகு உங்கள் வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

மக்கள் விடுதலை முன்னணி தலைமை தாங்கும் அணிக்கு, அதாவது தேசிய மக்கள் சக்திக்கு, பொருளாதார விடயத்தில் இருந்த பெயர், புறக்கோட்டை வியாபாரிகளிடம் நீண்ட காலம் ஒரே சொல்லில் அடங்கியது: பயம். கடைகளை அரசு எடுத்துவிடும், இறக்குமதி நிற்கும் என்ற பயம். 2024 நவம்பரில் அந்த அணி 225இல் 159 ஆசனம் எடுத்தது, யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம். நாணய நிதிய உடன்பாட்டைக் கிழிக்காமல் தொடர்ந்தது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தது. பழைய பெயர் மங்கி, புதியது இன்னும் முழுதாக எழுதப்படாத நேரம் இது.

அதனால் மாமியும் அண்ணையும் அடுத்த தடவை வாதிடும்போது நான் மூன்று விடயம் கேட்கப் போகிறேன். இந்த விலை மாற்றம் உலகச் சந்தையில் நடந்ததா, இங்கே எடுத்த முடிவால் நடந்ததா? இப்போது அனுபவிக்கும் நன்மையோ கஷ்டமோ எந்த வருடத்து முடிவின் பலன்? நாம் பார்ப்பது ஏறும் வேகத்தையா, நிற்கும் மாடியையா?

மூன்றாவது கேள்விக்குச் சாமான் பற்றுச்சீட்டே பதில் சொல்லும். இரண்டாவதுக்கு ஒரு திகதி இருக்கிறது. பிற நாட்டு அரசாங்கங்களுக்குத் தர வேண்டிய கடனில் வட்டி தவிர்ந்த மூலத்தொகை, 2024 உடன்பாட்டின்படி 2028 வரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது. செட்டியார் தெருவில் தவணை கொடுத்த மாதிரி. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல்.